கருப்பி போட்ட பாதை

சுயம்புலிங்கத்தின் புது ஷூ முதல் நாளே கடித்துவிட்டது. லேசான கடி இல்லை. இரண்டு குதிகாலிலும் எலுமிச்சங்காய் பருமனுக்குக் கொப்புளம்.

நடக்க வேண்டியது மூன்று கிலோமீட்டர், நடந்திருந்தது அரைக் கிலோமீட்டர். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் மீதியையும் நடந்து முடிக்காவிட்டால், ஊருக்கு வர வேண்டிய வாலிபால் கோர்ட்டு, கபடி மைதானம், கண்மாய்க்கரை நடைபாதை எல்லாம் பக்கத்து ஊராட்சிக்குப் போய்விடும். பக்கத்து ஊராட்சியில் இருப்பவர் அவருடைய சம்பந்தி. வாய்ப்பு அங்கே போனால் மனிதர் ஆயுசு முழுக்க வளைகாப்பு, காதுகுத்து என்று ஒரு விசேஷம் விடாமல் சொல்லிக் காட்டுவார்.

மகனைப் பார்க்கக் கோயம்புத்தூர் போன இடத்தில், குளத்தைச் சுற்றி ஜனங்கள் கைவீசி நடப்பதைப் பார்த்ததிலிருந்து சுயம்புலிங்கத்துக்கு இந்தக் கிறுக்கு. கிராம சபையில் எழுந்து முக்கால் மணி நேரம் பேசினார். பேச்சு முடிந்தால் போதும் என்று ஊரே அவரை விளையாட்டுக் குழுத் தலைவராக்கிவிட்டது. அவரோ மறுநாளே சங்கரன்கோவிலுக்குப் போய், ரத வீதியில் கடை கடையாக ஏறி இறங்கி, பச்சை நாடா வைத்த ஷூ வாங்கி வந்துவிட்டார்.

இதற்கெல்லாம் பணம் தரும் அரசாங்கத் திட்டத்தில் ஒரு விதி இருந்தது. பாதை எங்கே வர வேண்டுமோ அந்த வழியாக ஒருவர் போனோடு நடக்க வேண்டும். போனில் இருக்கும் ஆப், நடந்த வழியைக் கோடாக வரைந்துகொள்ளும். அந்தக் கோட்டை அனுப்பினால் போதும்.

வழியை அவரே யோசித்து வைத்திருந்தார். கண்மாய்க்கரை முடிந்ததும் ஓடைப்பக்கம் இறங்கி, மெயின் ரோட்டில் ஏறி, சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். நேரே போனால் பத்து நிமிஷம்தான். ஆனால் நேரே இருப்பது அவருடைய எலுமிச்சைத் தோட்டம். அதற்குள் முன்னே ஒரு ஒற்றையடிப் பாதை ஓடியது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஐந்து வரிசை முள்கம்பி இழுத்து, இரண்டு முனையிலும் கொக்கி வைத்த கேட்டு மாட்டி அதை அடைத்துவிட்டார். ஊரில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆடு மேய்க்கிற முத்துத்தாய் மட்டும் வந்து, ஓரமாக ஓர் ஆள் போகிற அளவுக்கு விடச் சொன்னாள். "ஆடு வந்தா கன்னு மிஞ்சாது" என்று அனுப்பிவிட்டார்.

கால்தான் போய்விட்டதே, பைக்கில் போய்ப் பார்ப்போம் என்று பைக்கை எடுத்தார். 'நீங்கள் வாகனத்தில் செல்கிறீர்கள்' என்று சொல்லி ஆப் நின்றுவிட்டது. ஆள் நடக்கிற மாதிரி மெதுவாக ஓட்டினார். பைக் சாய்ந்து, அவரும் சாய்ந்து, முழங்காலிலும் சிராய்ப்பு.

அப்போதுதான் முத்துத்தாய் ஆடுகளைப் பத்திக்கொண்டு கரையேறினாள்.

"முத்துத்தாயி, கண்மா வழியாத்தான போற? இந்தப் போனைக் கொண்டுக்கிட்டு, ஓடையச் சுத்திப் பள்ளிக்கூடம் வரைக்கும் போயிட்டு வா. இதுல எங்கன கோடு விழுதோ அங்கனதான் பாதை வரும்."

"நெசமாவா அண்ணாச்சி?"

"கவர்மெண்டுக் கோடு. ஒரு தடவை போயிட்டுன்னா யாராலயும் அழிக்க முடியாது."

"உங்களாலயுமா?"

"கலெக்டராலயே முடியாதுங்கேன்."

முத்துத்தாய் போனை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "ஒரு கையில கம்பு, ஒரு கையில தூக்குவாளி. நம்ம ஆடு கருப்பி கழுத்துல கட்டிவிடுதேன்."

"பதனமாக் கட்டு" என்றார் சுயம்புலிங்கம்.

போன் திரும்பி வரும்போது மணி நாலு ஐம்பது. பதற்றத்திலும் சந்தோஷத்திலும் அவர் எதையும் பார்க்கவில்லை. அனுப்பு என்று இருந்த பொத்தானை அமுக்கினார். 'நன்றி' என்று வந்தது. உடனே சம்பந்திக்குப் போன் போட்டு, "சும்மாத்தான் கூப்பிட்டேன்" என்று சொல்லி வைத்தார்.

ஊராட்சிச் செயலர் காளிராஜ்தான் படத்தை விரித்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, கோடு கண்மாய்க்கரையில ஒழுங்காத்தான் போவுது. அதுக்கப்புறம் உங்க தோட்டத்துக்குள்ள புகுந்து, நடுவுல வேப்பமரத்தை நாலு சுத்து சுத்தி, அந்தப் பக்கமா வெளிய வந்து நேரா பள்ளிக்கூடத்துல நிக்குது."

சுயம்புலிங்கத்துக்கு ஷூ கடித்த இடமெல்லாம் ஒன்றாக எரிந்தது. நொண்டிக்கொண்டே தோட்டத்துக்கு ஓடினார். வேலியில் ஒரு கம்பிகூட நெகிழவில்லை. ஓர் இலை கடிபடவில்லை, ஒரு புழுக்கை கண்ணில் படவில்லை. தொழில் தெரிந்த கள்ள ஆடு என்று கருப்பியைக் கண்டபடி திட்டினார்.

திட்டத்து இன்ஜினியர் ஜாய்ஸ் மேடத்துக்குப் போன் போட்டார். "மேடம், அந்தத் தோட்டம் மட்டும் வேண்டாம். அந்த ஆளு தர மாட்டான்."

"ஏன் சார்?"

"மகா கஞ்சன். ஊர் நல்லது கெட்டது தெரியாத மனுசன்."

"அப்படியா? திங்கட்கிழமை நானே வந்து பேசுறேன். இந்த மாதிரி ஆளுங்களை எனக்குத் தெரியும்."

போனை வைத்ததும் காளிராஜ் மெல்லக் கேட்டார். "அண்ணாச்சி, உங்களை நீங்களே இப்படிப் பேசலாமா?"

"சும்மா இரும்வே."

மேடம் உள்ளேயே நுழையாதபடி செய்ய அவருக்கு ஒரு யோசனை வந்தது. குழுவுக்குப் போர்டு எழுதிய பெயின்டரையே பிடித்து, 'பூச்சிமருந்து அடித்துள்ளது, உள்ளே வரக்கூடாது' என்று எழுதித் தோட்டத்துக் கேட்டில் மாட்டச் சொன்னார். எழுதியதை அவர் வாசித்துப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை ஊரே திரண்டுவிட்டது. இளவட்டங்கள் வாலிபால் பந்தோடு வந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கண்மாய்க்கரையில் ஓட்டப்பந்தயமே வைத்துவிட்டார்கள். ஆடுகளை ஓட்டிக்கொண்டு முத்துத்தாயும் பின்னால் வந்தாள். ஜாய்ஸ் மேடம் கரையில் நின்று தண்ணீரையும் கொக்குகளையும் பார்த்து, "சூப்பர் சார், சூப்பர் சார்" என்றாள். சுயம்புலிங்கத்துக்குக் கால் வலி மறந்துபோனது. தோட்டத்துக் கேட்டு வருகிற வரைக்கும் மறந்துபோனது.

மேடம் போர்டை உரக்கப் படித்தாள். "பூச்சிமருந்து அடித்துள்ளது, உள்ளே வரக்கூடாது. இப்படிக்கு, சுயம்புலிங்கம், விளையாட்டுக் குழுத் தலைவர்."

பெயின்டருக்குப் போர்டு என்றால் கீழே அந்த வரி வர வேண்டும், அவ்வளவுதான்.

மேடம் திரும்பிப் பார்த்தாள். "சார், அந்த மகா கஞ்சன்..."

"அது பழைய ஆளு மேடம்" என்றார் சுயம்புலிங்கம். "நேத்தே திருந்திட்டாரு."

கூட்டம் சிரித்த சிரிப்பில் கொக்கெல்லாம் பறந்துபோயின. கேட்டைத் திறக்க வேண்டியதாயிற்று. பூச்சிமருந்து வாடையே இல்லை, எலுமிச்சைப்பூ வாசம்தான் வந்தது. மேடம் வேப்பமரத்தடியில் போய் நின்று, "நாலு பெஞ்சு இங்கேதான்" என்றாள். பிறகு அவரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"சார், ஓடை வழின்னா ரெண்டு கிலோமீட்டர் மெயின் ரோடு. லாரி போற ரோட்டுல நடைபாதைக்கு அனுமதி கிடைக்காது. இந்தக் கோடு இருந்தாத்தான் உங்க ஊருக்கு. இல்லைன்னா லிஸ்ட்டுல அடுத்த ஊருக்குப் போயிடும்."

அடுத்த ஊர் என்றதும் சம்பந்தியின் பல் தெரிந்தது. தோட்டத்தைப் பார்த்தார். பிள்ளைகள் அதற்குள் மரவரிசைக்கு நடுவே ஓட ஆரம்பித்திருந்தார்கள். ஒரு சின்னப்பிள்ளை வேப்பமரத்தைச் சுற்றிவிட்டு வந்து, "தாத்தா, நெசமாவே இது நமக்கா?" என்று கேட்டது. அவருக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. கோயம்புத்தூர்க் குளக்கரையில் நின்றபோது செய்ததும் அதேதான்.

"பேப்பரைக் கொண்டாங்க" என்றார். கையெழுத்துப் போட்டபடியே, "பத்தடி அகலம் என்னத்துக்கு மேடம், பன்னெண்டடியா எடுத்துக்கிடுங்க" என்றும் சொல்லிவிட்டார். விசில் சத்தம் காதைப் பிளந்தது. காளிராஜ் அவரைத் தூக்கப் பார்த்து, முடியாமல் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபிறகு சுயம்புலிங்கம் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். மனசு காற்றாக இருந்தது. கேட்டுக்கு வெளியே நின்ற கருப்பிக்கு ஒரு கொப்பு எலுமிச்சை இலையை ஒடித்துக் கொடுத்தார்.

"எல்லாம் இந்தக் கழுதை பண்ணின காரியம். அஞ்சு வரிசைக் கம்பிக்குள்ள இது எப்படி நுழைஞ்சுதுன்னுதான் இன்னும் எனக்கு மட்டுப்படல, முத்துத்தாயி."

முத்துத்தாய் கம்பை எடுத்துக்கொண்டு, திறந்து கிடந்த கேட்டு வழியாகப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து நேராக நடந்தாள்.

"அது எங்க நுழைஞ்சுது அண்ணாச்சி? அதை வெளிய வேலிக்கல்லுல கட்டிப்போட்டுட்டு, கேட்டைத் திறந்து போனோட நடந்தது நாந்தான்."