செண்டாஃப் அக்காவும் சிவப்பு பக்கெட்டும்

இந்தியாவிலேயே அதிக முறை வேலையை விட்டுவிட்டுப் போனவர் யார் என்று யாராவது போட்டி வைத்தால், தயவுசெய்து எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். சூளகிரியில் நான் இருந்த லேடீஸ் ஹாஸ்டலிலிருந்து ஒருவரை அனுப்புகிறேன். கோப்பை நமக்குத்தான், சந்தேகமே வேண்டாம். ஒரே ஒரு சிக்கல். அத்தனை தடவையில் ஒன்றில்கூட அவர் நிஜமாக வேலையை விட்டதில்லை.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. கம்பெனி அட்டையில் போட்டோவுக்குக் கீழே அது இருந்தது. ஆனால் ஹாஸ்டலில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் "அப்படி யாரும் இங்க இல்லையே" என்பார்கள். செண்டாஃப் அக்கா என்றால் மூன்று மாடியிலிருந்தும் பதில் வரும்.

செல்போனுக்கு உள்ளே போகிற சின்னச் சின்ன பாகங்களைச் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்து, மன்னார்குடிப் பக்கத்திலிருந்து பெட்டியும் கையுமாக நான் வந்து இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரூமுக்குள் நுழைந்தால் ஒரே அழுகை. நடுவில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் கழுத்தில் ரோஜா மாலையோடு உட்கார்ந்திருந்தார். ஓசூர்ப் பக்கம் ரோஜாவுக்கு என்ன பஞ்சம், மாலை முழங்கால் வரை தொங்கியது. எதிரில் கேக். யார், எவர், எங்கே போகிறார் என்று எதுவும் தெரியாமலே நானும் அழ ஆரம்பித்துவிட்டேன். ஊரில் பஸ் ஏறினதிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை, அதற்கு ஒரு சாக்கு கிடைத்தால் விடுமா? அவர் என்னைப் பார்த்தார். "புதுப்பொண்ணா? இந்தா, என் ஞாபகமா வெச்சிக்கோ" என்று ஒரு பச்சை மக்கை என் கையில் கொடுத்தார்.

எல்லோருமாகப் போய் அவரை ஹைவேயில் பஸ் ஏற்றினோம். மாலையைப் பார்த்த கண்டக்டர் பயபக்தியோடு, "எங்கம்மா, டெல்லிக்கா?" என்று கேட்டார். "நாகரசம்பட்டிக்கு. கிருஷ்ணகிரில எறங்கி மாறிக்கறன்" என்றார் அக்கா. கண்டக்டருக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. காலையில் போய்விட்டு சாயங்காலம் திரும்பி வரக்கூடிய தூரம் அது.

செவ்வாய்க்கிழமை காலை. பாத்ரூம் வரிசையில் பச்சை மக்கோடு நிற்கிறேன். பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தொட்டது.

"பாப்பா, அந்த மக்கைக் குடு. பல்லு வெளக்கணும்."

திரும்பிப் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏற்றிவிட்ட அதே அக்கா. அடுத்த கட்டிலில் இருந்த கிருஷ்ணகிரிக்காரி ஷபானாதான் என்னைத் தேற்றினாள். இது இங்கே வழக்கம், பேசாமல் கொடுத்துவிடு, அடுத்த செண்டாஃபுக்கு உனக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்கும் என்றாள்.

ஹாஸ்டலில் ஒரு வழக்கம் உண்டு. ரூமைக் காலி செய்கிறவள் தன் சாமான்களை ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக மாட்டாள், இருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவாள். கொடிக்கயிறு ஒருத்திக்கு, கண்ணாடி ஒருத்திக்கு, ஓனரம்மாவுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கும் வெந்நீர்க் கெட்டில் ரொம்ப வேண்டிய ஒருத்திக்கு. அக்காவும் தவறாமல் பாகம் பிரித்துக் கொடுப்பார், செவ்வாய்க்கிழமை வந்து தவறாமல் வசூலும் செய்துகொள்வார். அதனால் அவர் கொடுத்த எதையும் நாங்கள் தொடவே மாட்டோம். ஷபானா அந்தக் கெட்டிலைத் துடைத்துத் துணி சுற்றி வைத்திருப்பாள், ஏதோ அடகுக் கடைக்காரி மாதிரி.

ஒரே ஒரு பொருளை மட்டும் அக்கா யாருக்கும் கொடுத்ததில்லை. அவருடைய சிவப்பு பக்கெட். தண்ணீர் எப்போது வரும் எப்போது நிற்கும் என்று தெரியாத கட்டடத்தில் பக்கெட் என்பது கழுத்துச் சங்கிலிக்குச் சமம். ஒவ்வொரு தடவையும் அதை ஓனரம்மாவின் சமையலறையில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். ஓனரம்மா தெலுங்குக்காரர். அக்காவின் கட்டிலை யாருக்கும் விட்டதில்லை, அட்வான்ஸ் பணத்தைப் பற்றிப் பேசினதும் இல்லை. யாராவது கேட்டால் பக்கெட்டைக் காட்டுவார். "மங்களவாரம் ஒஸ்துந்திலே" என்பார். செவ்வாய்க்கிழமை வந்துவிடுவாளாம். பேக்கரிக்காரர் அதற்கும் ஒரு படி மேலே. கேக்கில் 'ஹேப்பி ஜர்னி' என்று எழுதச் சொன்னால், தானாகவே கீழே 'சீக்கிரம் வாங்க' என்று சேர்த்துவிடுவார்.

சும்மா தோன்றியபடி கிளம்புகிற ஆள் இல்லை அக்கா. அதற்கு முன்னால் பெரிய விசாரணை நடக்கும். அவர் கட்டிலில் ஜன்னல் பக்கம் 'போலாம்' கட்சி. சுவர் பக்கம் 'இருக்கலாம்' கட்சி. இரண்டு கட்சிக்கும் அவரே பேசுவார், அந்தந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டு. ரூமில் புதியவள் என்பதால் என்னை நடுவராகப் போட்டுவிட்டார்கள்.

"ஆடு வளக்கலாம். நாலு ஆடு இருந்தா ஒருத்தன் கிட்டயும் கைகட்டி நிக்கத் தேவையில்ல" என்பார் ஜன்னலோரம். சரக்கென்று சுவர் பக்கம் நகர்ந்து, "ஆடு சீக்கு வந்து செத்துப்போனா தம்பி காலேஜ் பீஸை உங்கப்பனா கட்டுவான்?" என்று தன்னையே அதட்டுவார். மறுபடி ஜன்னல். பர்கூரில் பியூட்டி பார்லர் வைக்கலாம் என்று ஒரு மாதம் ஓடியது. அதற்காக என் புருவத்தில் பழகிப் பார்த்ததில், நான் இரண்டு வாரம் எதைப் பார்த்தாலும் ஆச்சரியப்படுகிறவள் மாதிரி கம்பெனி லைனில் நின்றேன். சூப்பர்வைசர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "என்னாச்சும்மா?" என்று கேட்டார்.

தீர்ப்பு எப்போதும் 'போலாம்' என்றுதான் சொல்லுவேன். கேக் கிடைக்குமே.

ஆனால் ஏன் திரும்பி வருகிறார் என்று எங்கள் யாருக்கும் தெரியாமல் இல்லை. ஊரில் புதுசாகக் கட்டின வீட்டுக்கு பேங்க் லோன். தம்பி இன்ஜினியரிங் முடித்தும் முடிக்காமலும் இருந்தான். எல்லாம் அக்காவின் சம்பளத்தில்தான். அவர் அதையும் சிரிப்பாகத்தான் சொல்வார். வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று சொல்லத்தான் ஒவ்வொரு தடவையும் போவது. அம்மா ஆசையாகக் கோழி அடித்துக் குழம்பு வைப்பார். "சாப்புட்டு முடிக்கிற வரைக்கும் நானு மக. கை கழுவிக்கினு வந்து உக்காந்தா நானு சம்பளம்" என்பார். அப்புறம் எப்படி வாயைத் திறப்பது? வார லீவு, கூட ஒரு நாள் லீவு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவார். கம்பெனியைப் பொறுத்தவரை அவர் ஒழுங்காக லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிற, யாருக்கும் தொந்தரவில்லாத தொழிலாளி.

ஒருநாள் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன். திரும்பி வரப்போவது தெரிந்துகொண்டே எதற்குக்கா இந்த மாலையும் கேக்கும் என்று. எனக்கு அவர் மேல் கொஞ்சம் எரிச்சல்கூட இருந்தது. மாலைக்கு நானும்தானே காசு போடுகிறேன்.

அக்கா துணியை முறுக்கிப் பிழிந்தார். சிரிக்கவில்லை.

"ஊருக்குப் போனா வாசல்ல கால வெக்கறதுக்குள்ள எப்ப கெளம்பறேன்னு கேக்கறாங்கடி. இங்கதான் ஏன் கெளம்பறேன்னு கேக்கறீங்க. போவாதக்கான்னு அழுவறீங்க. அது கேக்கணும்போல இருக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு என் சட்டையில் காலர் அழுக்கு போகவே இல்லை என்று திட்ட ஆரம்பித்துவிட்டார். ஹாஸ்டலில் எத்தனையோ பேருக்குப் பிறந்தநாள் வந்தது, நிச்சயதார்த்தம் வந்தது, கல்யாணப் பத்திரிகை வந்தது. எல்லாவற்றுக்கும் முதல் ஆளாகப் போய் நின்றவர் அவர். அவருக்கு மாலை போட எங்களுக்கு வேறு காரணமே வாய்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு மாலைக்குக் காசு போட நான் முகம் சுளிக்கவில்லை.

அப்புறம் வந்தது டிரைவிங். வாராவாரம் லீவு நாளில் ஓசூர் போய் வேன் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். சொல்லிக் கொடுத்தவர் கன்னடக்காரர். "மெல்லகே அக்கா, மெல்லகே" என்று அவர் கெஞ்சினதை அக்கா ரூமில் நடித்துக் காட்டுவார். வீட்டுப்பாடம் எங்கள் தலையில் விழுந்தது. கட்டிலில் அக்கா. கையில் சாப்பாட்டுத் தட்டு, அதுதான் ஸ்டியரிங். தரையில் மூன்று செருப்பு. நீலம் கிளட்ச், கருப்பு பிரேக், ஷபானாவின் பூப்போட்ட செருப்பு ஆக்ஸிலேட்டர். பின்னால் நாங்கள் நான்கு பேர் பயணிகள். அவர் பிரேக் போட்டால் நாங்கள் முன்னால் சாய வேண்டும், வளைந்தால் சரிய வேண்டும். சாயாதவளுக்கு டிக்கெட் கிடையாது. வாயாலேயே ஹாரன் அடிப்பார். நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிற பக்கத்து ரூம்காரிகள் சுவரைத் தட்டுவார்கள். "ராங் சைடுல வரானுங்க பாரு" என்று இன்னும் பலமாக அடிப்பார். நாங்கள் சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து விழுந்தோம். ஒரு தடவை நிஜமாகவே விழுந்து எனக்கு முழங்கை வீங்கியது.

லைசென்ஸ் வந்தபோது ரூம் ரூமாக லட்டு கொடுத்தார். ஆட்டைப் போல, பார்லரைப் போல இதுவும் ஒன்று என்றுதான் நினைத்தோம். கோயம்புத்தூரில் ஒரு ஹாஸ்டலுக்குப் பெண் டிரைவர் வேண்டுமாம், பெண்களைக் கம்பெனிக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வரணுமாம், சம்பளம்தான் இங்கே வாங்குவதைவிடக் குறைச்சல் என்று ஒருநாள் சோறு சாப்பிடும்போது சொன்னார். நான் உடனே விசாரணைக்குத் தயாராகித் தொண்டையைக் கனைத்தேன். "இப்ப வேணாம்டி" என்றார். அடுத்த சில நாட்கள் அவர் ஜன்னல் பக்கமும் போகவில்லை, சுவர் பக்கமும் போகவில்லை. கட்டிலின் நடுவில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

ஒருநாள் காலை ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினேன். அக்காவின் கட்டில் காலி. பெட்டியைக் காணோம். மாலை இல்லை, கேக் இல்லை. ஷபானாவின் கட்டிலில் கெட்டில். என் கட்டில் காலடியில் சிவப்பு பக்கெட், விளிம்பு வரை தண்ணீரோடு. அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வராத நாள்.

ஹாஸ்டலில் ஒருவருக்கும் கவலை இல்லை. பக்கெட் இருக்கிறதே, அதை விட்டுவிட்டு அக்கா எங்கே போகும் என்றாள் ஷபானா. ஓனரம்மா எட்டிப் பார்த்து, பக்கெட்டைப் பார்த்து, "மங்களவாரம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் அந்தத் தண்ணீரில் நன்றாகக் குளித்துவிட்டுத் தூங்கினேன்.

செவ்வாய் வந்தது. பாத்ரூம் வரிசையில் என் தோளை யாரும் தொடவில்லை. புதன் வந்தது. போன் அடித்தால் எடுக்கவில்லை. அப்போதுதான் மரமண்டைக்கு எட்டியது. எப்போதும் ஓனரம்மாவின் சமையலறையில் இருக்கிற பக்கெட், இந்தத் தடவை என் கட்டிலடியில் இருந்தது. வைத்துவிட்டுப் போகவில்லை, கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஷபானாவிடம் சொன்னதும் அவள் கெட்டிலில் சுற்றியிருந்த துணியைப் பிரித்துவிட்டு அழுதாள். ஓனரம்மா மட்டும் அந்த மாதம் முழுக்கக் கட்டிலைக் காலியாகவே வைத்திருந்தார்.

ரொம்ப நாள் கழித்து அக்காவே கூப்பிட்டார். பின்னால் வண்டிச் சத்தம். நான் அவரை நலமா என்றுகூடக் கேட்கவில்லை, நேராகச் சண்டைக்குத்தான் போனேன்.

"ஏன்க்கா சொல்லாம போனீங்க? மாலை வாங்கியிருப்போம்ல?"

"சொன்னா போவாதன்னு அழுவீங்க. எப்பவும் அதக் கேட்டுட்டு பஸ் ஏறுவன். இந்த தடவ கேட்டிருந்தா நின்னுருப்பன்டி."

வீட்டைப் பற்றிக் கேட்டேன். லோனில் பாதி நான், பாதி நீ என்று தம்பியிடம் சொல்லிவிட்டாராம். அன்றையிலிருந்து அவன் பேசுவதில்லையாம், அம்மாவும் போனைச் சீக்கிரம் வைத்துவிடுகிறாராம். பேசுவாங்க, எங்க போவாங்க என்றார். பிறகு முதல் நாள் வண்டி எடுத்த கதையைச் சொன்னார். வேன் நிறையப் பெண்களாம். ஒருத்தருக்கொருத்தர் பேச்சில்லை, எல்லோர் காதிலும் ஒயர். "பிரேக் போட்டன். ஒருத்தியும் சிரிக்கலடி. அதான் ஒரு மாதிரியா போச்சி." அப்புறம் சிக்னல் விழுந்துவிட்டது என்று வைத்துவிட்டார்.

நானும் இப்போது சூளகிரியில் இல்லை. பார்டரைத் தாண்டி பெங்களூரில் வேறு வேலை, ஒரு ஒற்றை ரூம். கிளம்பிய அன்றைக்கு வழக்கப்படி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். சிவப்பு பக்கெட்டை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கைப்பிடி உடைந்துவிட்டது, கம்பி கட்டி வைத்திருக்கிறேன். இங்கே குழாயில் எந்நேரமும் தண்ணீர் வருகிறது, பக்கெட்டுக்கு அவசியமே இல்லை. ஆனாலும் வேலைக்குக் கிளம்பும்போது அதை நிரப்பி வைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுகிறேன். இந்த ஊரில் நான் எப்போது வருகிறேன், எப்போது போகிறேன் என்று கேட்க ஒருவரும் இல்லை.

அக்கா, இதை எங்காவது படித்தால், ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை வந்து பக்கெட்டைக் கேளுங்கள். கொடுத்துவிடுகிறேன். என்ன, கொடுப்பதற்கு முன்னால் போகாதீங்கக்கா என்று ஒரு தடவை சொல்லிக்கொள்வேன்.