சாவி அண்ணனின் மடி

பெருங்களத்தூரில் சாவி அண்ணன் கையில் ஒருமுறையாவது தன் சாவியைக் கொடுக்காத ஆளே கிடையாது. வீட்டுச் சாவி, பீரோ சாவி, பூட்டே இல்லாத சாவி, எல்லாம் அவர் கையில் இருந்திருக்கிறது. மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவர். நாள் முழுக்க வஞ்சிரமும் சங்கராவும் வெட்டுவார், அலட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் மனுஷ ரத்தம் ஒரு சொட்டு, ஓர் ஊசிமுனை கண்ணில் பட்டால் போச்சு, மயங்கிச் சாய்ந்துவிடுவார். வலிப்பு என்று நினைத்து எல்லோரும் ஓடிவந்து கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள்.

ஒருநாள் அவர் கடையில் மீன் முள் குத்தி என் விரலில் ரத்தம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அண்ணன் தொப்பென்று விழுந்தார். பதற்றத்தில் என் ஸ்கூட்டர் சாவியை அவர் கையில் வைத்தேன். யாரோ அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப, சாவியும் கூடவே போய்விட்டது. மீன் பையோடு பஸ் ஏறினேன். பக்கத்துச் சீட்டு கடைசிவரை காலியாகவே இருந்தது.

மறுநாள் சாவி வாங்கப் போனேன். "டாக்டர் என்ன சொன்னார்ணா?"

"வலிப்பு இல்லியாம் சார். பயந்தா நரம்பு போயி ஹார்ட்டாண்ட 'மெதுவா அடி'ன்னு சொல்லிடுதாம். பிரஷர் பொசுக்குனு எறங்கிடுது. படுக்க வெச்சு காலைத் தூக்குனா போதும், சாவி கீவி வேணாம்னாரு."

சொன்னாரே தவிர, சாவியைத் தரவில்லை. "கண்ணு முழிக்கசொல்ல கையில எதனா இருந்தா, யாரோ கூட கீறாங்கன்னு ஒரு தைரியம் சார்" என்றார். நான் கிளம்பத் திரும்பியபோது அவராகத்தான் கொடுத்தார்.

போன மாதம் அவர் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து, என்னையும் கூப்பிட்டிருந்தார். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். ஒரே தாய்மாமன் இவர்தான். கல்யாணம் ஆகாதவர், அந்தக் குழந்தை என்றால் உயிர். தங்கச்சிக்கோ பயம்.

"நீ வேணாம்ணா. அவரு தம்பி மடியில வெச்சிக்கலாம்."

"தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் கீறசொல்ல, இன்னொருத்தன் மடியா?" என்றார் அண்ணன்.

"குத்துக்கல்லு வுயாதுண்ணா. நீ வுயுந்துடுவ."

கடைசியில் அடம்பிடித்து அவரே உட்கார்ந்தார். ஆசாரி ஊசியை எடுத்தார். அண்ணன் உதடு வெளுத்தது, நெற்றியில் வேர்வை முத்து முத்தாக. எனக்குச் சட்டென்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது.

"அண்ணா, படுங்க!"

குழந்தையைத் தங்கச்சி வாங்கிக்கொள்ள, பட்டு வேட்டியோடு அப்படியே ஜமக்காளத்தில் மல்லாந்தார். அவர் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தேன். முகத்தில் மெல்ல ரத்தம் ஏறியது. தங்கச்சி ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். பிறகு குழந்தையை அவர் வயிற்றின் மேல் உட்கார வைத்தாள்.

"இது மடியாம்மா?" என்றார் ஆசாரி.

"எங்க அண்ணன் வவுறும் மடிதான். நீ குத்துய்யா."

குழந்தை வீல் என்று அலறியது. அண்ணன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "அவ்ளோதாண்டி செல்லம், மாமா இங்கதான் கீறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு காதும் குத்தி முடிகிறவரை அவர் மயங்கவில்லை.

பழக்கதோஷம், என் ஸ்கூட்டர் சாவியை அவர் கையில் வைக்கக் குனிந்தேன். வைக்க இடமில்லை. உள்ளங்கைக்குள் குழந்தையின் பாதம் இருந்தது. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.