கூரை இல்லாத ஏதென்ஸ்

"என் பேரு கவின். வயசு இருபத்து நாலு. இப்ப இருக்கறது பெங்களூர், லிங்கராஜபுரம், டென்சில் வீட்டு மாடி."

டென்சில் டேப் ரெக்கார்டரை நிறுத்தினான்.

"ஏன்டா, உங்க அம்மாவுக்கு உன் பேரு தெரியாதா?"

"ஒரு ஆரம்பம் வேணும்ல மச்சா."

"கோர்ட்டுல சாட்சி சொல்ற மாதிரி இருக்கு. சரி, பேசு."

கேசட்டில் பேசலாம் என்பது டென்சில் சொன்ன யோசனை. போனில் என்றால் அம்மா சாந்தகுமாரி இவனை ஒரு வாக்கியம் முடிக்க விடுவதில்லை. கேசட்டில் குறுக்கே பேச முடியாது.

கவினுக்கு வேண்டியது பாஸ்போர்ட். ஆகஸ்டில் ஏதென்ஸில் ஒலிம்பிக்ஸ். அங்கே ஒரு ஹோட்டலின் ரூம் புக்கிங் கம்ப்யூட்டர் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள, கம்பெனி இரண்டு மாதம் அவனை அனுப்புகிறது. வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடத்தில் இப்படி ஒன்று வாய்ப்பது லேசில்லை. மேனேஜர் சௌம்யா மேடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை காலைல பாஸ்போர்ட் என் டேபிள்ல இருக்கணும் கவின். இல்லன்னா அஷ்வின் போவாரு. அவரு பாஸ்போர்ட்டை பேக்லயே வெச்சுட்டுத் திரியறாரு."

கவின் அப்படித் திரிகிற ஆளில்லை. திருடன் கண்ணில் படக்கூடாது என்று, திருப்பத்தூர் வீட்டு பீரோவின் இரண்டாவது தட்டில் விரித்திருந்த செய்தித்தாளின் மடிப்புக்குள் செருகி வைத்தவன். அந்த மூளையைப் பற்றி அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

முதல் போனில் அம்மா நல்லபடியாகத்தான் பேசினார். "பஸ்ல குடுத்து அனுப்பறேன்டா. இப்பதான் வீட்டுக்கு வெள்ளையடிச்சு முடிச்சோம். ஒரு நாள் பொறு."

மறுநாள் குரலே வேறு.

"கவினு, ஏதென்ஸ்ல ஸ்டேடியத்துக்குக் கூரையே இல்லையாமே. பேப்பர்ல போட்டிருக்கான். அவசரப்படாத."

"அம்மா, நான் ஹோட்டலுக்குள்ள..."

"கூரை இல்லாத ஊருக்குப் பிள்ளையை அனுப்பச் சொல்றியா? வெக்கறேன், கரண்ட் போகுது."

கரண்ட் போனால் போன் ஏன் வைக்க வேண்டும் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

ஆகவேதான் இந்த கேசட். ஹோட்டலுக்குக் கூரை உண்டு, கிரேக்க நாட்டில் சோறும் கிடைக்கும் என்று கால் மணி நேரம் பேசிவிட்டு, கவின் இப்படி முடித்தான்: "இதைக் கேக்கறவங்க யாரா இருந்தாலும் தயவுசெஞ்சு பாஸ்போர்ட்டை பஸ்ல குடுத்து அனுப்புங்க."

"இதுக்கு மேல ஒரு தாய் மனசு தாங்காதுடா" என்றான் டென்சில்.

கேசட் திருப்பத்தூர் பஸ் கண்டக்டர் கையில் போனது. மறுநாள் அதே கண்டக்டர் ஒரு உறை கொண்டுவந்தார். கவின் ஆவலாகப் பிரித்தான். உள்ளே ஐந்து செய்தித்தாள் துண்டுகள்.

ரயில் பாதை முடியவில்லை. பாதுகாப்பு போதாது. வேலை ஆமை வேகம். நீச்சல் குளத்துக்கும் கூரை இல்லை. ஐந்தாவது, ஆங்கிலத் தாள். அதில் மிளகாய்ப்பொடி வாசனை அடித்தது.

"மச்சா, எங்க வீட்டுல வாங்கறது ஒரே ஒரு தமிழ் பேப்பர். அதையும் அம்மா படிச்சு நான் பாத்ததில்ல. மடிப்பாங்க, விரிப்பாங்க, பொட்டலம் கட்டுவாங்க. அவ்வளவுதான்."

"பையன்னு வந்துட்டா படிப்பாங்கடா." டென்சில் ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தான். "ஆனா எல்லாமே ஏப்ரல் மாசத்துது. இப்ப ஜூன் முடியப் போகுது."

கவின் துள்ளி எழுந்தான். பழைய செய்தியைப் புதுச் செய்தியால் அடித்துவிடலாம். கம்மனஹள்ளி இன்டர்நெட் சென்டருக்குப் போய், ஸ்டேடியத்துக்குக் கூரை ஏறிவிட்ட படத்தை கலரில் பிரின்ட் எடுத்தான். அடியில் சிவப்பு மையில் "கூரை" என்று எழுதி அம்புக்குறியும் போட்டு அனுப்பினான்.

பதிலுக்கு வந்தது ஒரு முழுப் பக்கம். மலையாளத்தில். ஒரு படத்தில் சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவே யாரோ தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் அம்மாவின் கையெழுத்து: "பார், அழுகிறார்."

"திருப்பத்தூர்ல மலையாளப் பேப்பர் யாருடா வாங்கறாங்க?" என்றான் டென்சில்.

"டீக்கடைக்காரர் இருக்காரு. அங்க வரைக்கும் போயிருக்காங்கன்னா பாரு. மொத்த உலகப் பத்திரிகையும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்."

போன் செய்தால் தங்கை தாரணிதான் எடுத்தாள். அம்மா வெளியே போயிருக்கிறார் என்றாள். காலையில் செய்தாலும் வெளியே, மத்தியானம் செய்தாலும் வெளியே.

"பேப்பர் படிக்கத்தான் போறாங்களா?"

"ம்... அப்படித்தான் வெச்சுக்கயேன்" என்றாள் தாரணி.

திங்கட்கிழமை இரவு அம்மாவே போனை எடுத்தார். கவின் பொய்யில் இறங்கினான்.

"அம்மா, ஏதென்ஸ் கேன்சல். மைசூருக்கு அனுப்பறாங்க."

மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு. "முருகா. நல்லதுப்பா. அப்ப பாஸ்போர்ட் வேணாம்ல?"

இதை அவன் யோசிக்கவில்லை.

"இல்லம்மா... மைசூர் ஹோட்டல்ல ரூம் குடுக்க அடையாளம் ஏதாவது கேப்பாங்க."

"அதுக்கென்ன, அனுப்பறேன்."

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் ரேஷன் கார்டு வந்தது.

புதன்கிழமை சௌம்யா மேடம் அவன் மேஜைப் பக்கம் நின்றார். "ஏனாயித்து கவின், என்ன ஆச்சு? பாஸ்போர்ட் எங்கே?"

"வந்துட்டே இருக்கு மேடம்."

"எங்கிருந்து, ஏதென்ஸ்ல இருந்தா?"

பக்கத்து இருக்கையில் அஷ்வின் கிரேக்க மொழியில் நன்றி சொல்லிப் பழகிக்கொண்டிருந்தான்.

அன்று மாலை கவின் போனில் குரலை உயர்த்தினான். வாழ்க்கையில் முதல் தடவை.

"அம்மா, மைசூர் பொய். ஏதென்ஸ்தான். நாளைக்கு நானே வர்றேன். பீரோவை நானே திறந்து எடுத்துக்கறேன்."

"வராத." அம்மா பதறினார். "நீ எதுக்குடா லீவு போடற? பீரோவைத் தொடாத. ஒரே ஒரு நாள் குடு."

போனை வைத்த கவின் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். "பாத்தியா? பயந்துட்டாங்க. ஆம்பளை மாதிரி பேசினாத்தான் வேலை நடக்கும்."

வியாழன் இரவு தாரணி போன் செய்தாள். "நாளைக்குக் காலைல ரயில்ல வர்றேன். கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு வந்துடு. அம்மா அனுப்பின பேப்பரையெல்லாம் மறக்காம எடுத்துட்டு வா."

"சரணாகதி" என்றான் கவின் டென்சிலிடம். "கொளுத்தப் போறாங்க போல."

காலையில் தாரணி ரயிலை விட்டு இறங்கினாள். கைப்பையைத் திறந்து பாஸ்போர்ட்டை நீட்டினாள். கவின் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. அட்டையில் மட்டும் ஒரு சணல் நூல் ஒட்டியிருந்தது. ஊதிவிட்டான்.

"ஒத்துக்கிட்டாங்களா? தெரியும் எனக்கு. தாரணி, ஒண்ணு தெரிஞ்சுக்க. இந்தப் பத்திரிகைக்காரங்களுக்கு ஒரு நாடு ஒலிம்பிக்ஸ் நடத்துதுன்னா பொறுக்காது. கூரை இல்லம்பான், ரோடு இல்லம்பான். நாமதான் பொறுமையா எடுத்துச் சொல்லணும். நான் அம்மாவுக்குச் சொன்னேன். எந்தச் செய்தியும் என் கேசட்டுக்கு முன்னால நிக்கல."

"முடிஞ்சுதா? அந்த கேசட்டைக் கேக்க அம்மாவுக்கு இன்னும் நேரமே கிடைக்கல. பேப்பர் எங்க?"

கவின் உறையைக் கொடுத்தான். தாரணி ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"மலையாளப் பக்கம் எங்கண்ணா? தயவுசெஞ்சு ஒண்ணு விடாம குடு. கடைக்காரர் எடை குறையுதுன்னு சத்தம் போடறாரு."

"எந்தக் கடைக்காரர்?"

"பழைய பேப்பர் கடைக்காரர்ண்ணா. வெள்ளையடிச்சப்ப பீரோவுல விரிச்சிருந்த பேப்பரை அம்மா எடைக்குப் போட்டுட்டாங்க, மடிப்புக்குள்ள நீ வெச்ச பாஸ்போர்ட்டோட. பத்து நாளா அவரு கடையிலயே உக்காந்து கட்டுக் கட்டா பிரிச்சுத் தேடினாங்க, கிடைக்கற வரைக்கும் உன்னை நிறுத்தி வெக்க அங்க ஏதாவது கண்ணுல படணும்ல."