உபைதுல்லா டாக்டரின் ஞாயிற்றுக்கிழமை

சிவகாசியில் காது, மூக்கு, தொண்டை பார்க்கும் டாக்டர் உபைதுல்லா ஒரு புதன்கிழமை மத்தியானம், சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, உலகத்துக்கு ஒரு நன்மை செய்வதென்று முடிவெடுத்தார். தன் ஆஸ்பத்திரி வெப்சைட்டை மாற்றுத்திறனாளிகள் எல்லோரும் பயன்படுத்தும்படி மாற்றப்போகிறார். டாக்டருக்கு இந்த மாதிரிப் பெருந்தன்மை அடிக்கடி வராது. வந்தால், அதற்குச் சற்று முன்னால் அவர் மனைவி சபியா வேறு ஏதோ கேட்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

அவள் கேட்டது ஞாயிற்றுக்கிழமையை.

அன்று காலை ஏழாயிரம்பண்ணையிலிருந்து பஸ் பிடித்து வந்த சோலையம்மாள் பத்து மணிக்கு டோக்கன் வாங்கி உட்கார்ந்தாள். பட்டாசுக் கம்பெனியில் வேலை. சில வருஷமாக இரண்டு காதும் கேட்பதில்லை. ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடுகிற முருகம்மாளுக்கோ பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எட்டுகிற குரல். "பதினேழு! பதினேழு! பதினே...ழு!" என்று மூன்று தரம் கூப்பிட்டாள். தெருவில் போன ஆட்டோக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். சோலையம்மாள் பார்க்கவில்லை. முருகம்மாள் 'ஆள் இல்லை' என்று எழுதிவிட்டுப் பதினெட்டைக் கூப்பிட்டாள். ரெண்டு மணிக்கு விளக்கை அணைக்க வந்த சபியாதான், கையில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தவளைக் கண்டுபிடித்தாள்.

"காது கேக்கலன்னு வந்தவகளக் கத்திக் கூப்பிடுற ஆஸ்பத்திரி உலகத்துலயே நம்மளது ஒண்ணுதாங்க" என்றாள் சபியா, சோறு பரிமாறிக்கொண்டே.

"கேட்டா அவுக ஏன் நம்மகிட்ட வரப்போறாக?" என்றார் டாக்டர், நியாயம் பேசுவதாக நினைத்து.

"அத அப்படியே வெப்சைட்டுல போடுங்க. 'டோக்கனுக்கு போன் செய்யவும்'னு போட்டிருக்கீகள்ல, அதுக்குப் பக்கத்துல."

டாக்டர் ரசத்தில் கவனமானார்.

"பாவம், வேலைய விட்டுட்டு வந்திருக்கா. சீசன் நேரம். கம்பெனியில இருக்கவகளுக்கு ஞாயித்துக்கிழமை ஒருநாத்தான் லீவு. அன்னைக்குக் காலையில ஒரு ரெண்டு மணி நேரம் நீங்க..."

"சபியா!" டாக்டர் கையை உயர்த்தினார். ரசம் முழங்கை வரைக்கும் வழிந்தது. "ஞாயித்துக்கிழமையத் தவிர என்ன வேணும்னாலும் கேளு."

ஞாயிற்றுக்கிழமை டாக்டருக்கு ஓயாத வேலை. காலையில் இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். அப்புறம் தூக்கம். எழுந்து பிரியாணி. பிரியாணி சாப்பிட்ட களைப்புக்கு மறுபடியும் தூக்கம். இந்தக் கோட்டையைச் சபியா இரண்டு வருஷமாக முற்றுகையிட்டும் ஒரு செங்கல்கூடப் பெயரவில்லை.

"அப்ப வெப்சைட்டையாவது சரி பண்ணுங்க."

"பண்ணிட்டாப் போச்சு!" ஞாயிற்றுக்கிழமை தப்பித்த சந்தோஷத்தில் டாக்டர் இன்னொரு கரண்டி ரசம் கேட்டார்.

வெப்சைட்டை வடிவமைத்தவர் விக்னேஷ்குமார். காலண்டருக்கும் பட்டாசுப் பெட்டி லேபிளுக்கும் டிசைன் போட்டுப் பழகிய கை. பக்கத்தைத் திறந்ததும் நாலு ராக்கெட் கிளம்பும். ஆரஞ்சு நிறத்தின்மேல் சிவப்பு எழுத்து. பட்டன்கள் கடுகு அளவு. கண் நன்றாகத் தெரிகிறவர்களுக்கே அது பட்டனா, அழுக்கா என்று சந்தேகம் வரும். நட்டநடுவில் டாக்டர் ஆறு நிமிஷம் பேசும் வீடியோ.

சபியா சொல்லச் சொல்ல விக்னேஷ்குமார் மாற்றினார். ராக்கெட்டுகள் போயின. வெள்ளையில் கறுப்பு எழுத்து வந்தது. விரல் போனவர்களும் அமுக்கும்படி பட்டன் பெரிதானது. கண் தெரியாதவர்களுக்கு போனே பக்கத்தை வாசித்துக் காட்டியது. போன் செய்யாமல், பெயரைத் தட்டினாலே டோக்கன். ராக்கெட்டுக்காக மட்டும் டாக்டர் இரண்டு நாள் துக்கம் காத்தார்.

"இன்னும் வீடியோ பாக்கி. நீங்க பேசுறது காது கேக்காதவகளுக்கு எப்படித் தெரியும்? கீழ சப்டைட்டில் ஓடணும்" என்றாள் சபியா.

"ஆறு நிமிசம் பேசினத நான் உக்காந்து எழுதவா? நீயே எழுதிப் போட்டுரு."

"நானா? நீங்க பேசுறதுல எனக்கு என்னங்க தெரியும்?"

"இருவத்திரெண்டு வருசமா கேட்டுக்கிட்டுத்தான இருக்க?"

"நீங்க சொன்னாச் சரிதான்" என்றாள் சபியா. அவள் இவ்வளவு அடக்கமாகப் பேசினால் பயந்துகொள்ள வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் டாக்டர் அதைக் கற்றுக்கொள்ளவில்லை.

வீடியோ தயாரானதும் டாக்டர் மூன்று தரம் போட்டுப் பார்த்தார். கீழே எழுத்து ஓடியது. படித்தாரா என்றால், இல்லை. தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆண்பிள்ளைக்குத் தாடைக்குக் கீழே உலகம் கிடையாது. மூன்றாம் தரம், குரலை ரசிப்பதற்காகக் கண்ணையும் மூடிக்கொண்டார். கடைசியில் விரலை ஆட்டி, 'ஞாயிற்றுக்கிழமை முழுநாள் விடுமுறை. அன்று யாரும் வரவேண்டாம்' என்று கண்டிப்பாகச் சொல்கிற இடத்தில் அவருக்கே புல்லரித்தது.

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாசலில் வேன் சத்தம் கேட்டது. கீழே ஆஸ்பத்திரி, மாடியில் வீடு. டாக்டர் கைலியை இறுக்கிக்கொண்டு மாடி விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார். வேனிலிருந்து இருபது பேர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். முன்னால் சோலையம்மாள்.

"இன்னைக்கு லீவு!" என்று கத்தினார் டாக்டர். ஒருவரும் அசையவில்லை. சோலையம்மாள்தான் தற்செயலாக அண்ணாந்து பார்த்து மற்றவர்களுக்குக் கையைக் காட்டினாள். இருபது பேரும் நிமிர்ந்து கும்பிட்டார்கள்.

"லீவும்மா, லீவு! போங்க!" டாக்டர் இரண்டு கையையும் வீசினார். கீழே இருபது பேரும் முகமெல்லாம் சிரிப்பாக இரண்டு கையையும் வீசினார்கள்.

டாக்டர் படி இறங்கி ஓடினார். யார் வரச்சொன்னது என்று சைகையில் கேட்டார். சோலையம்மாள் போனை நீட்டினாள். அவருடைய வீடியோதான். இந்தத் தடவை, வேறு வழியில்லாமல், டாக்டர் கீழே ஓடுவதைப் படித்தார்.

'டாக்டர் தன் படிப்பைப் பற்றிச் சொல்கிறார். மூன்று நிமிடம் ஆகும். டீ குடித்துவிட்டு வாருங்கள்.'

'இது மெடல் வாங்கிய கதை. தள்ளிவிட்டுப் பார்க்கலாம்.'

விரல் ஆட்டும் இடம் வந்தது.

'ஞாயிறு காலை ஏழு முதல் ஒன்பது வரை காது கேளாதவர்களுக்கு மட்டும். கத்திக் கூப்பிட மாட்டோம், தோளைத் தொட்டுக் கூப்பிடுவோம். விரலை ஆட்டுகிறாரே என்று பயப்பட வேண்டாம், அது கோபம் இல்லை, பழக்கம்.'

டாக்டர் திரும்பினார். சபியா ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்து நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாள்.

"லீவுன்னு நான் சொன்னத வாங்கன்னு எழுதியிருக்க!"

"காது கேக்குறவக எல்லாருக்கும் லீவுதாங்க. அவுகள்ல ஒரு ஆளாவது வந்திருக்காகளா பாருங்க. உங்க பேச்சுக்கு ஊருல அம்புட்டு மரியாத."

டாக்டர் பார்த்தார். ஒரு ஆள்கூட வரவில்லை.

சபியா சோலையம்மாளின் தோளைத் தொட்டு உள்ளே அனுப்பினாள். அவள் எதிரில் வந்து உட்கார்ந்தபோது, அன்று நாலு மணி நேரம் காக்கவைத்ததை நினைத்து டாக்டருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. மாடியிலிருந்து பாயா வாசனை இறங்கி வந்ததும் வெட்கம் போய்க் கோபம் வந்துவிட்டது. இந்த வாரம் போனது போகட்டும், அடுத்த ஞாயிறையாவது காப்பாற்ற வேண்டும். காதைப் பார்த்து முடித்ததும் ஒரு தாளை எடுத்துக் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'அம்மா, வீடியோவில் ஞாயிறு விடுமுறை என்றுதான் நான் சொன்னேன். சப்டைட்டில் தவறு. எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.'

சோலையம்மாள் தாளை நிதானமாகப் படித்தாள். சிரித்தாள். வெளியே சபியாவுக்கும் கேட்கிற குரலில் பேசினாள்.

"அது எனக்கு வீடியோ பாத்த அன்னைக்கே தெரியும் டாக்டரய்யா. காது போனதுல இருந்து நான் வாயசையிறதப் பாத்தே பேச்சப் புரிஞ்சுக்குவேன். நீங்க வராதீகன்னு சொன்னீக, கீழ அம்மா வாங்கன்னு எழுதியிருந்தாக. நானும் குடும்பம் நடத்துறவதானே, எது நடக்கும்னு தெரியாதா? அப்பவே வேனுக்குச் சொல்லிட்டேன்."