முக்கால் மணி நேர ஜன்னல்

அரங்கில் தூங்கிக்கொண்டிருந்த கணக்காளர் கைதட்டல் சத்தத்தில் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். மைத்துனன் மூன்று வருடம் உயிரைக் கொடுத்து எடுத்த படம்.

"திரைப்பட விழாத் தேர்வுக் குழு வருது. நீங்க தூங்கி என் தம்பி மானத்தை வாங்கினீங்க, அப்புறம் வீட்டுப் பக்கமே வராதீங்க" என்று எச்சரித்துத்தான் மனைவி கூட்டி வந்திருந்தாள். அவரும் தொடையைக் கிள்ளிக்கிள்ளிப் பார்த்தார். திரையில் முக்கால் மணி நேரமாக ஒரே ஜன்னல். மனுஷன் என்னதான் செய்வார், பாவம்!

நல்லவேளை, மனைவி அதற்குள் எழுந்து போயிருந்தாள். தப்பித்தோம் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வராந்தாவில் தேர்வுக் குழுத் தலைவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். "என்ன வசனம் சார்! நெஞ்சைப் பிசைஞ்சிடுச்சு."

"பின்னே? ஒரு வரி விடாமக் கேட்டேனே" என்று முந்திக்கொண்டார் கணக்காளர்.

படபடப்பில் படம் முடியும்வரை வெளியிலேயே நின்றிருந்த மைத்துனன், பேயறைந்தவன்போல் இருவரையும் பார்த்தான்.

"உங்களுக்குப் பிடிச்ச வரி எது?" என்றார் தலைவர்.

"அது... முதல்ல நீங்க சொல்லுங்க."

"'கல்யாணமாகி இருபது வருஷம், ஒரு நாளாவது டிவி ரிமோட்டைத் தொட்டிருப்பேனா?' மூடின ஜன்னலைக் காட்டிக்கிட்டே அதைச் சொல்றாங்க பாருங்க! அப்புறம், 'அவ சமையலைப் பாராட்டிப் பாராட்டியே என் நாக்கு செத்துப்போச்சு.' அடடா!"

கணக்காளருக்குப் பகீரென்றது. இரண்டும் அவர் யாரிடமும் வாய் திறந்து சொல்லாத புலம்பல்கள் ஆயிற்றே! பயம் போய் ஆத்திரம் வந்தது. பாய்ந்து மைத்துனனின் சட்டையைப் பிடித்தார்.

"என் வீட்டுலயே தின்னுட்டு, நான் தனியாப் புலம்பினதை ஒட்டுக்கேட்டுப் படத்துல வெச்சிருக்கியா?"

"ஐயோ மாமா! சத்தியமா என் படத்துல வசனமே கிடையாது!"

கணக்காளரின் பிடி தானாக நழுவியது.

"அப்போ... உள்ளே பேசினது யாரு?"

டார்ச்சும் கையுமாக நின்ற அரங்கு ஊழியர் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார்.

"நீங்கதான் சார், தூக்கத்துல. நான் எழுப்பத்தான் வந்தேன். உங்க சம்சாரம்தான், 'எழுப்பாதீங்க, குழுவே அழுவுது, என் தம்பி படம் தேறிடும். இவரை நான் வீட்டுல வெச்சுக்கறேன்'னாங்க."