ஸ்பூன் சார் பிடிக்காத விரால்

பெங்களூரில் ஏரியைப் பார்த்ததும் மூக்கைப் பொத்தாத ஒரே மனிதர் ஸ்பூன் சார்தான். நாமெல்லாம் கர்ச்சீப்பை எடுக்கிற இடத்தில் அவர் மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, "விரால் இருக்குப்பா" என்பார்.

பொம்மசந்திராவில் பம்ப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் அவர் டூல் ரூம் சூப்பர்வைசர். நான் ஸ்டோர்ஸ். எங்களை நண்பர்களாக்கியது ஒரு திருட்டு. கேண்டீனில் எவர்சில்வர் ஸ்பூன்கள் குறைந்துகொண்டே வந்தன. புதிதாக வாங்கிப் போட்டால் அடுத்த மாதம் அதுவும் குறையும். ஆபீசர்கள்கூட பிஸிபேளாபாத்தைக் கையால் அள்ளிச் சாப்பிடும் நிலை வந்தது. நோட்டீஸ் போர்டில் கன்னடம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் எச்சரிக்கை ஒட்டினோம். மூன்று மொழியிலும் பலனில்லை.

ஒருநாள் வெர்னியர் அளவுகோல் ஒன்று தேடி டூல் ரூமுக்குப் போனேன். அவருடைய மேஜை டிராயரைத் திறந்தால், உள்ளே கைப்பிடி அறுத்த ஸ்பூன்கள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு முனையிலும் துளை. ஒரு துளையில் வளையம், இன்னொன்றில் மூன்று முள் வைத்த தூண்டில்.

"சார், இது கேண்டீன் ஸ்பூன்!"

"ஸ்பூனா இருந்துச்சு" என்றார், கொஞ்சமும் பதறாமல். "இப்ப இது மீன். தண்ணியில இழுத்தா ஆடி ஆடி வரும். அடிபட்ட சின்ன மீனுன்னு நெனச்சு பெரிய மீன் பாஞ்சு வந்து கவ்வும். நம்பலைன்னா ஞாயித்துக்கெழம வா."

நான் ரிப்போர்ட் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் ஞாயிற்றுக்கிழமை போனேன். என் நேர்மையின் லட்சணம் அவ்வளவுதான்.

அவர் போகிற ஏரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். நாலு பக்கமும் அடுக்குமாடி, நடுவில் நுரை, ஓரமெல்லாம் ஆகாயத்தாமரை. நான் கர்ச்சீப்பை எடுத்தேன். அவர் கரையில் குத்துக்காலிட்டு அரை மணி நேரம் தூண்டிலைத் தொடாமல் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மீனைத் தேடக்கூடாது தம்பி. நீயே மீனா இருந்தா எங்க நிப்பேன்னு யோசிக்கணும். நெழல் வேணும், பக்கத்துல தீனி வேணும், ஆபத்துன்னா பின்னால ஓட வழி வேணும். இந்த மூணும் சேர்ற எடத்துல விரால் நிக்கும். அப்பப்ப மூச்சு வாங்க மேல வரும். அந்த வட்டத்தைப் பாரு."

ஆகாயத்தாமரையின் ஓரத்தில் ஒரு வட்டம் தெரிந்தது. செடிகளுக்குள் ஸ்பூன் போட்டால் சிக்கிக்கொள்ளும் என்பதால் அங்கே அவர் தவளை போடுவார். பழைய ஹவாய் செருப்பின் ரப்பரில் அவரே செதுக்கிய தவளை. இலை மேல் விழும், ஒரு தத்து தத்தும், நிற்கும். மறுபடி ஒரு தத்து. மூன்றாவது தத்தில் தண்ணீர் வெடித்தது. நான் "இழுங்க சார்!" என்று கத்தினேன். அவரோ கண்ணை மூடிக்கொண்டு "ஒண்ணு... ரெண்டு... மூணு" என்று எண்ணிவிட்டுத்தான் இழுத்தார்.

"அடிச்சவுடனே இழுத்தா தவளைதான் திரும்பி வரும். அது நல்லா வாயில வாங்கித் திரும்பட்டும்னு விடணும். எல்லாரும் தோக்கறது இங்கதான்."

கை நீளத்துக்கு ஒரு கறுத்த விரால். முள்ளைக் கழற்றி, ஈரக்கையால் தடவிக்கொடுத்து, "ஸாரிம்மா" என்று சொல்லி அதைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். எனக்குப் பகீரென்றது. இருபது வருஷமாக இப்படித்தானாம். பிடிக்கிற எதையும் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை.

"இந்தத் தண்ணி மீனைத் தின்னா நாம மேல போயிடுவோம். அதோட, கொன்னுட்டா அடுத்த வாரம் யாரைப் பாக்க வர்றது?"

இந்த ஏரிச் சட்டத்தை அவர் ஊருக்கெல்லாம் பொருத்தினார். கம்பெனி விழாவில் ஜெனரல் மேனேஜர் எங்கே நிற்பார் என்று முன்கூட்டியே சொல்வார். ஃபேன் காற்று, பஜ்ஜித் தட்டு, பின்னால் கதவு. சொன்ன மாதிரியே மேனேஜர் அங்கேதான் நிற்பார். ஓசூர் ரோடு பஸ்ஸில் ஏறினால் யார் பக்கத்தில் நின்றால் சீட் கிடைக்கும் என்று கணிப்பார். ஒருமுறை தூங்கிக்கொண்டிருந்த ஒருவரைக் காட்டி, "இவர் அடுத்த ஸ்டாப்" என்று அடித்துச் சொன்னார். அந்த ஆள் பொம்மசந்திரா வரைக்கும் வந்து, எங்கள் கம்பெனி வாசலிலேயே எங்களோடு இறங்கினார். புதிதாகச் சேர்ந்த ஆடிட்டராம்.

அந்த மூன்று எண்ணுவதும் அப்படித்தான். போன் அடித்தால் மூன்று எண்ணித்தான் எடுப்பார். அடுகோடியில் அவர் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், சொன்ன கதை இன்னும் மோசம்.

"பொண்ணு பாக்க குடியாத்தம் வந்தாங்க. எங்கப்பா, 'பொண்ணு புடிச்சிருக்கா மாப்ளே'ன்னு கேட்டாரு. இவரு கண்ணை மூடிட்டு வாய்க்குள்ளயே என்னமோ முணுமுணுக்கறாரு. எங்கப்பாவுக்கு பயந்து போச்சு. வலிப்பு வர்ற பையனோன்னு சாவிக்கொத்த எடுத்துட்டு வந்துட்டாரு தம்பி!"

"மூணு எண்ணினதாலதான் நல்ல மீன் கெடச்சுது" என்றார் சார். அண்ணி சொம்பை எடுத்து ஓங்கினார். பிள்ளைகள் இல்லாத வீடு. ஆனால் அந்த வீட்டில் சத்தத்துக்குக் குறைவே இருந்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணிக்கு வயிற்றில் நோய் வந்தது. ஆபரேஷன், மருந்து எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் டாக்டர், "இனிமே அவங்க எது கேட்டாலும் குடுங்க" என்றார். கேட்க நல்ல வார்த்தை மாதிரிதான் இருக்கும். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவர் யார்?

அண்ணி எதுவுமே கேட்கவில்லை. கஞ்சியைக்கூட ஒதுக்கிவிட்டார். ஒருநாள் நானும் இருக்கும்போது திடீரென்று, "ஏங்க, இத்தனை வருஷமா மீன் புடிக்கிறீங்களே, ஒரு மீனாவது நான் தின்னிருக்கேனா? ஒரு விரால் கொண்டாங்க. கொழம்பு வச்சுத் தின்னணும் போல இருக்கு" என்றார்.

சார் மூன்று எண்ணவில்லை. "நாளைக்கே" என்றார்.

நுரை ஏரி மீனைக் கொடுக்க முடியாது. அத்திப்பள்ளி தாண்டி, நல்ல தண்ணீர் உள்ள ஓர் ஏரியைக் கண்டுபிடித்தோம். நிழல், தீனி, ஓட வழி எல்லாம் பார்த்துவைத்தார். வட்டம்கூடத் தெரிந்தது. தவளையைப் போட்டார். முதல் தத்திலேயே தண்ணீர் வெடித்தது. அதே நொடியில் சார் வெடுக்கென்று இழுத்தார். தவளை பறந்து வந்து என் தோளில் விழுந்தது.

மறுபடி போட்டார். மறுபடி அதேதான். அன்றைக்கு ஐந்து முறை விரால் வந்தது, ஐந்து முறையும் தவளைதான் திரும்பியது. அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும். இருபது வருஷம் ஊருக்கெல்லாம் சொன்ன பாடம் அவர் கைக்கே மறந்துபோயிற்று.

"எண்ணுங்க சார்" என்றேன், தாங்க முடியாமல்.

"ஒண்ணுன்னு சொல்றதுக்குள்ள பயம் வந்துடுதுப்பா. அது போயிடும்னு" என்றார். மீனைத்தான் சொல்கிறார் என்று நானும் வைத்துக்கொண்டேன்.

அண்ணி வாரத்துக்கு வாரம் இளைத்துக்கொண்டே வந்தார். நான்காவது ஞாயிறும் வெறுங்கையோடு திரும்பியபோது சார் வண்டியை அடுகோடிக்கு விடவில்லை. நேரே சிவாஜிநகர் மார்க்கெட்டில் நிறுத்தினார். மீன் கடைத் தொட்டியில் விரால்கள் உயிரோடு நெளிந்துகொண்டிருந்தன. நல்லதாக ஒன்றைக் காட்டி எடுக்கச் சொன்னார். பிறகு பையிலிருந்து தன் ரப்பர் தவளையை எடுத்து, அதன் முள்ளை மீனின் உதட்டில் குத்தி ஒரு ஓட்டை போட்டார்.

கடைக்கார பாய் என்னைப் பார்த்தார். "க்யா ஹுவா இவருக்கு? மீனை விலைக்கு வாங்கிட்டு தூண்டில் போடறாரு?"

"புடிச்ச மாதிரி இருக்கணும் பாய்" என்றார் சார்.

"பீஸ் போடட்டா?"

இருபது வருஷம் மீன் பிடித்தவர், ஒரு மீன் சாவதைக் கண்ணால் பார்த்ததில்லை. திரும்பி நின்று, காதைப் பொத்திக்கொண்டு, போடுங்கள் என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினார். பாய் சாம்பல் போட்டுத் தேய்த்து, பதினோரு துண்டாக நறுக்கி, தலையை இரண்டாகப் பிளந்து கறுப்பு கவரில் கொடுத்தார். அப்போதும் எங்கள் இருவர் மூளையும் வேலை செய்யவில்லை. வீட்டுக்குள் போய்க் கவரைப் பிரித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"புடிச்சுட்டேன்" என்றார் சார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அண்ணி துண்டுகளைப் பார்த்தார். "ஏரியிலயே பீஸ் போட்டு விடறாங்களா?"

"கரையில ஒருத்தர்... கத்தி வச்சிருந்தார். ரொம்ப நல்ல மனுஷன்." அவசரமாகப் பாதித் தலையைத் தேடி எடுத்தார். "இதோ பாரு, முள்ளு குத்துன ஓட்டை!"

அண்ணி அந்த ஓட்டையைத் தொட்டுப் பார்த்தார். "ஆமாங்க" என்றார்.

நாற்காலியைச் சமையலறை வாசலில் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டு, புளி இவ்வளவு, மிளகாய்த்தூள் இவ்வளவு என்று சொல்லச் சொல்ல சார் குழம்பு வைத்தார். அண்ணி ஒரு பிடி சோறு சாப்பிட்டார். தட்டை நீட்டி இன்னொரு பிடி கேட்டு வாங்கினார். சார் கண்ணைத் துடைத்துக்கொள்ள, கையில் கரண்டியோடேயே பாத்ரூமுக்குள் போனார்.

அண்ணி என்னைக் கூப்பிட்டார். "மார்க்கெட் மீன்தானே தம்பி?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"வெட்டுனதை வச்சு சொல்லலை. மீன் சிக்குற அன்னிக்கு இவரு செருப்பைக்கூட கழட்டாம கதை சொல்ல ஆரம்பிச்சுடுவாரு. எங்க நின்னுச்சு, எப்படி வந்துச்சு, எப்படிப் பாஞ்சுச்சுன்னு. மணிக்கணக்கா நான் கேட்டாகணும். இன்னிக்கு ஒரு வார்த்தை வரலையே. பாவம், எங்க அலைஞ்சாரோ. எனக்குத் தெரியும்னு அவருகிட்ட சொல்லிடாதீங்க." சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அதுதான் அண்ணி கடைசியாக ருசித்துச் சாப்பிட்ட சாப்பாடு. மழை தொடங்கிய வாரத்தில் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு நானும் சாரும் மட்டும் இருந்தோம். தூண்டிலையெல்லாம் சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

"ஒரே ஒரு தடவை ஒண்ணு கேட்டாப்பா. அதையும் பொய் சொல்லி ஏமாத்தி அனுப்பிட்டேன்."

செத்தவருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறலாமா என்று நான் யோசித்தேன். ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. எதிரே இருந்தவர் முகம் அப்படி இருந்தது.

"அண்ணிக்குத் தெரியும் சார். மார்க்கெட் மீனுன்னு அன்னிக்கே கண்டுபிடிச்சுட்டாங்க" என்று நடந்ததையெல்லாம் சொன்னேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தெரிஞ்சுமா ரெண்டாவது தடவை சோறு கேட்டா?"

"ஆமா சார்."

அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டு அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். சொல்ல நினைத்தது எதையும் சொல்லாமல், தலைவலி மாத்திரை வேண்டுமா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன்.

நான் இதை எழுதுகிற இந்தப் பத்திரிகையை அண்ணி படிப்பதற்காகத்தான் சார் வாங்க ஆரம்பித்தார்; அதை இன்னும் நிறுத்தவில்லை என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் இதைப் படிப்பார். சார், எனக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும்.