சனிக்கிழமையைக் காக்க ஒரு பாம்பு

இனி எந்தச் சனிக்கிழமையும் மாமனாரின் குடிலுக்குப் போவதில்லை என்று மே மாதத்தில் ஒருநாள் சபதம் எடுத்தேன். வெள்ளி மதியமானால் எங்கள் பர்னோ நகரமே காரில் ஏறி, காட்டோரக் குடிலுக்கு ஓய்வெடுக்கப் போகும். நானும் போகிறேன், ஒன்பது வருஷமாக. என் ஓய்வு இதுதான்: புல் வெட்டு, விறகு பிள, வேலிக்குச் சாயம் அடி. திங்கட்கிழமை டிராம் ஓட்டப் போனால்தான் என் இடுப்புக்கு விடுமுறை.

தப்பிக்க, விட்டுவிட்டுப் போக முடியாத ஒரு ஜீவன் வீட்டில் வேண்டும். நாய் என்றால் அதையும் காரில் ஏற்றிவிடுவாள் என் மனைவி ப்ளாங்கா. பாம்பை ஏற்ற மாட்டாள்.

மாடிவீட்டு ஓதகாரிடம் போனேன். எட்டுப் பாம்பு வளர்க்கிற மனுஷர்.

"எந்த மாதிரிப் பாம்பு வேணும்?"

"ரெண்டு நாள் விட்டுட்டுப் போனா வாடிப்போற மாதிரி."

"பாம்பு கேக்கறியா, பூச்செடி கேக்கறியா? அது பத்து நாளைக்கு ஒரு எலியைத் தின்னுட்டுச் சும்மா கெடக்கும்பா." என் முகத்தைப் பார்த்து இரங்கினார். "பச்சை மலைப்பாம்பு ஒண்ணு இருக்கு. கிளையிலேயே சுருண்டிருக்கும். காலையும் சாயங்காலமும் தண்ணி தெளிக்கணும்."

"சனி, ஞாயிறும்?"

"அதுக்குக் காலண்டரா தெரியும்?"

சாப்பாட்டு மேஜையில் ப்ளாங்காவிடம் விஷயத்தை அவிழ்த்தேன்.

"நாலு வயசுப் பொண்ணு இருக்கற வீட்டுக்குக் கடிக்கிற பாம்பா? சோளப்பாம்பு வாங்குங்க. சாது. வாரம் ஒரு எலி போட்டாப் போதும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"ஓதகாரைப் படிக்கட்டுல பார்த்தேன்."

"சோளப்பாம்பு எனக்கு ஒத்துவராது."

"ஏன், உங்களைவிடச் சுறுசுறுப்போ?"

"பச்சைதான் வேணும்."

"என் பிளம்ஸ் உருண்டைக்குப் பக்கத்துல, ஃப்ரீசர்ல செத்த எலியா?"

"எலிக்கு ஆட்சேபணை இல்லை."

பெருமூச்சு விட்டாள். "சரி. சனி ஞாயிறு யார் தண்ணி தெளிப்பா?"

"என்ன பண்றது... நான்தான் கிடந்து கஷ்டப்படணும்."

"பாவம் நீங்க," என்றாள். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

பச்சைப் பாம்பு வந்தது. வெள்ளிக்கிழமையும் வந்தது. பைகளைக் காரில் ஏற்றினேன். முகத்தில் சோகத்தை அப்பிக்கொண்டு ப்ளாங்காவுக்கும் மகளுக்கும் கையசைத்தேன். மேலே வந்து பாம்புக்குத் தண்ணீர் தெளித்தேன். எனக்கு பீர் திறந்தேன். சோபாவில் சாய்ந்தேன்.

அழைப்பு மணி அடித்தது. மாமனார். ஒரு கையில் சம்மட்டி, மறு கையில் மடக்குக் கட்டில்.

"மாமா! நீங்க குடிலுக்குப் போகலையா?"

"இனி சனி ஞாயிறெல்லாம் நீங்க வீட்லதான்னு ப்ளாங்கா சொன்னா. இந்தக் குளியலறையோட பழைய அட்டைப் பலகைச் சுவரை இடிச்சுட்டுச் செங்கல்ல கட்டணும்னு எத்தனை வருஷமாக் கேக்கறா, பாவம்!"

"ஐயோ, தூசி பாம்புக்கு ஆகாதே!"

"வேலை முடியற வரைக்கும் அது ஓதகார் வீட்ல இருக்கும். ப்ளாங்கா அன்னிக்கே பேசி வெச்சுட்டா."

"எப்ப முடியும் மாமா?"

சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"பதறாதீங்க மாப்பிள்ளே. கிறிஸ்துமஸுக்குள்ள முடிச்சிடலாம்."